இல்லாத வீட்டின் வாசல் அரளி

அரளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அம்மன் கழுத்தில் மாலையாகக் கிடந்தால் கும்பிடுவார்கள். அதே செடி வீட்டு வாசலில் நின்றால் முகத்தைச் சுளிப்பார்கள். இலை விஷம், பால் விஷம், விதை விஷம் என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். என் மகன் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கடப்பாரையோடு வந்து செடிக்கு முன்னால் நிற்பான். தெருப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பான். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் கத்த ஆரம்பித்ததும் கடப்பாரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவான். ஏன் கத்துகிறேன் என்று உட்கார்ந்து கேட்க அவனுக்கு நேரமில்லை. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான், பேனா பிடிக்கத் தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு வெட்டட்டும்.

நான் பிறந்தது வலங்கைமான் பக்கம். எங்கள் ஊர் மண்ணைக் கையில் அள்ளினால் கையோடு ஒட்டிக்கொள்ளும், கழுவுவதற்குப் பத்தடியில் வாய்க்கால் ஓடும். வாழ்க்கைப்பட்டு வந்த இடமோ வேதாரண்யம் பக்கத்துக் கடலோரம். எங்கே பார்த்தாலும் மணல். காலையில் கூட்டினால் மதியம் சோற்றில் மணல், சாயங்காலம் பாயில் மணல். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கொட்டிய இடம் தெரியாது. காவிரி கடைமடை வரைக்கும் வந்து தலையைக் காட்டுவதோடு சரி, எங்கள் பக்கம் திரும்பியதேயில்லை. கல்யாணமான முதல் மாதம் முழுக்க நான் மணலைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் எதிர்ப்பேச்சு பேசமாட்டார். மணலும் பேசாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

அவருக்கு ஒரு தோப்பில் காவல் வேலை. நடுவில் தென்னை, ஓரத்தில் சவுக்கு, மேட்டில் முந்திரி. தோப்புக்குச் சொந்தக்காரர் பாபநாசத்துப் பக்கம் பெரிய மிராசுதார். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். நான் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவை அவருடைய காரியஸ்தர்தான் வருவார். நாங்கள் தோப்புக்குள்ளேயே ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தோம். நாலு பக்கமும் தட்டி, மேலே கூரை, கீழே சாணி மெழுகிய தரை. என் மாமனார் காலத்திலிருந்து அதே இடம். என் வீட்டுக்காரர் நல்ல உயரம், கூரை விளிம்போ என் நெற்றி மட்டத்துக்கு இருக்கும். பிறந்ததிலிருந்து குனிந்து குனிந்து நுழைந்து அவருக்குக் கழுத்தே முன்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

காரியஸ்தர் அந்தக் குடிசைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலுக்கு எட்டி நின்று கூப்பிடுவார். கிணறு குடிசைக்குப் பின்னால் இருந்தது. அங்கே போகவேண்டுமானால் குடிசையை விட்டு மூன்றடி ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றிப் போவார். ஒரு ஐப்பசியில் மழை கொட்டியபோதுகூடக் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், குடைக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியா, சீட்டா என்றால் அதெல்லாம் இல்லை. எதைக் கேட்டாலும் "ஐயாவோடது" என்பார். தென்னை ஐயாவோடது, கிணறு ஐயாவோடது, அதுவரைக்கும் சரி. குடிசை ஐயாவோடது, கயிற்றுக் கட்டில் ஐயாவோடது. என் அம்மா வீட்டிலிருந்து நான் ஓட்டிவந்த ஆட்டைப் பார்த்து ஒரு கருவாட்டு வியாபாரி, இது யாருடையது, விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ஐயாவோடது என்றார் இவர். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. உங்க ஐயா வந்து போடுவார் என்று சொல்லிவிட்டுப் பானையைக் கவிழ்த்தேன். சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு என்று பரிதாபமாக நின்றார்.

அந்தப் பழக்கத்தால்தான் அரளி வந்தது. துணி காயப்போட எனக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது. ஒரு முனையைக் கூரைக்காலில் கட்டலாம், மறுமுனைக்கு ஒரு முளை அடிக்கவேண்டும். ஐயாவின் மண்ணில் முளை அடிக்க ஐயாவைக் கேட்கவேண்டும் என்றார் இவர். காரியஸ்தரிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த தடவை வந்தபோது, சொல்லியிருக்கேன் என்றார். அதற்கடுத்த தடவை, என்ன முளை என்று கேட்டார். ஒரு குச்சியை மணலில் அடிக்க ஒரு வருஷமாக உத்தரவு கிடைக்கவில்லை. என் புடவையெல்லாம் முந்திரி மரத்தில் காய்ந்து, கறை ஏறிக் கிடந்தன.

அந்த நேரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். அம்மா கொடுத்த மூட்டையைத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கம்பு தேவைப்பட்டது. அம்மன் கோயில் ஓரத்து அரளியில் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் ஒரு கிளையை ஒடித்து, இலையை உருவி எடுத்துக்கொண்டேன். மூன்று பஸ் மாறி வந்து இறங்கியதும் அதை வாசலோரம் மணலில் ஆழமாகச் சொருகிக் கயிற்றைக் கட்டினேன். முளை அடித்தால்தானே உத்தரவு. கம்பைச் சொருக யாரைக் கேட்கவேண்டும் என்று அவரிடம் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கம்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

தினமும் பிழியப் பிழிய ஈரத்துணியை அதில் போட்டேன். சொட்டிய தண்ணீரெல்லாம் கம்பின் காலடியில் விழுந்தது. இருபது நாள் கழித்து அதன் தலையில் மூன்று பச்சை நுனிகள் எட்டிப் பார்த்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மணலிலும் ஒன்று பிடித்துக்கொண்டதே என்று அழுதேவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. வளருதே, வளருதே என்று பிள்ளை மலையிலிருந்து விழுவதைப் பார்ப்பவர் போலப் பதறினார். ஐயா கேட்டால் கம்பு என்று இனிச் சொல்லமுடியாதே என்பது அவர் கவலை.

கடலோரத்தில் செடி வளர்ப்பது வயல்காட்டுப் புத்திக்கு எட்டாத வேலை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கிணற்றில் மேல்தண்ணீர் இனிக்கும், அடித்தண்ணீர் கரிக்கும். குடத்தை அமிழ்த்தாமல் மேலாக மொண்டு ஊற்றவேண்டும். காற்று சுமந்துவரும் உப்பு இலையில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை தலையோடு தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். முதல் வருஷம் மட்டும் கடல் பக்கம் ஒரு கீற்றை மறைப்பாக நட்டேன். மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் தூரில் புதைத்தேன், அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினேன். வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை. நாங்கள் நிழல் தேடி ஓடும் வெயிலில் அது மினுமினுவென்று நிற்கும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுவதுபோலத் தும்மிவிட்டுப் போகும். மூன்றாம் வருஷம் ஆள் உயரத்துக்கு, சிவப்புப் பூவும் கரும்பச்சை இலையுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கொடி கட்டிய கயிறு மட்டும் மரப்பட்டைக்குள் புதைந்து ஒரு வளையமாகத் தெரிந்தது.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இருவண்ணக் கொடி டீக்கடைக்கு டீக்கடை பறந்தது, சேரிக்குச் சேரி செங்கொடி. கூலித் தகராறில் அங்கங்கே அறுப்பு நின்று போலீஸ் வண்டி வந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு என்றார்கள். மிராசுதார்கள் கையிலிருந்த நிலத்தை யார் யார் பேரிலோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு இன்னொரு சட்டம் வந்தது. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையே சொந்தம் என்று சங்கத்துப் பையன்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். யார் வந்து கேட்டாலும் இது எங்கள் வீடு என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சட்டம் வந்தபிறகு காரியஸ்தரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை என் வீட்டுக்காரரை 'டா' போட்டுக் கூப்பிட்டவர் 'ப்பா' போட ஆரம்பித்தார். அந்தப் 'ப்பா'வோடு தை மாதம் ஒரு செய்தியும் கொண்டுவந்தார். தோப்பை ஐயா தன் ஊர்க் கோயிலுக்கு நந்தவனமாக எழுதி வைத்துவிட்டாராம். சாமி சொத்தைச் சட்டம் தொடாது என்று யாரோ வக்கீல் சொன்னாராம். காகிதத்தில் நந்தவனம் ஆகிவிட்டது, இனி மண்ணிலும் ஆகவேண்டும், தாசில்தார் பார்வையிட வரும்போது பூ பூத்திருக்கவேண்டும் என்றார். அதோடு நாங்கள் இரண்டு பேரும் கோயில் வைத்த பூப்பறிக்கும் ஆட்கள், வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது என்று சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எனக்கு அப்போது நாள் தள்ளியிருந்தது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை எங்கே வைத்துப் பெறப்போகிறேன் என்ற பயம் அன்றைக்கு வயிற்றில் புகுந்தது.

என்ன செடி வைப்பது என்று காரியஸ்தர் சுற்றிலும் பார்த்தார். அந்த மணல்காட்டில் பூத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அரளியை அன்றே மொட்டையடித்தார்கள். கிளை கிளையாக வெட்டி, சாண் சாணாக நறுக்கிக் குவித்தார்கள். இடுப்பளவு கட்டைகள் மட்டும் மிஞ்சின.

காரியஸ்தருக்கு நெல்லைத் தவிர இந்த உலகத்தில் வேறு பயிர் தெரியாது. நெல்லில் அவர் பெரிய கெட்டிக்காரர்தான், அதைக் குறை சொல்லக்கூடாது. மணலை மட்டம் பிடிக்கச் சொன்னார். நாலு பக்கமும் வரப்பு போடச் சொன்னார். மாட்டுவண்டியில் ஏரிக் களிமண் வந்தது. ஆயில் இஞ்சின் வந்து கிணற்றை அடிவரைக்கும் இறைத்தது. கரிப்புத் தண்ணீரில் சேறு மிதித்தார்கள். கடலோரத்துப் பெண்களுக்கு நடவு தெரியாது என்று பாபநாசத்திலிருந்து டிராக்டரில் பத்து நடவாட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அரளிக் குச்சிகளை நாற்று மாதிரி முடி முடியாகக் கட்டி வயலில் வீசினார்கள்.

சிரிக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேற்றைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. நாலு வருஷம் கழித்துக் கணுக்கால் சேற்றில் இறங்குகிறேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். ஈசானி மூலையில் முதல் முடி வைத்துக் குலவை போட்டோம். குத்துக்கு மூன்று குச்சி, சாணுக்கு ஒரு குத்து என்று மளமளவென்று நட்டுக்கொண்டே பின்னால் போனோம். ஈரத்துணி சொட்டிய தண்ணீரில் பிழைத்த செடியை நீரில் நிறுத்தக்கூடாது என்று மூன்று வருஷம் வளர்த்த எனக்கே தோன்றவில்லை. பதினோரு பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எல்லோரும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். தண்ணீர் கட்டினால் எதுவும் பிழைக்கும் என்று எங்கள் எலும்பிலேயே எழுதியிருந்தது. பால் பட்டுக் கையெல்லாம் அரித்ததுதான் மிச்சம்.

பத்தாம் நாள் குச்சிகள் மஞ்சளடித்தன. தழைச்சத்து போதவில்லை என்று காரியஸ்தர் யூரியா வீசச் சொன்னார். பதினைந்தாம் நாள் கறுத்தன. ஒன்றைப் பிடுங்கி, பிளந்து, குருத்துப்பூச்சி இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். பூச்சி இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் மருந்து அடித்தார். மாசி முடிவதற்குள் அத்தனையும் அழுகி, அறுப்பு முடிந்த நெல்தாள் மாதிரி வரிசையாக நின்றது. நந்தவனத்தில் உயிரோடிருந்த ஒரே ஜீவன் வரப்பில் குழி தோண்டிய நண்டு.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் மொட்டையடித்த என் அரளி என்ன செய்தது தெரியுமா. வெட்டிய கட்டை ஒவ்வொன்றிலும் நாலைந்து கிளை விட்டது. அரளி புதுக்கிளை நுனியில்தான் பூக்கும், வெட்ட வெட்டத்தான் கொழிக்கும். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனி மாதம் இலையே தெரியாத அளவுக்கு அது சிவந்து நின்றது. அதே ஆனியில்தான் தாசில்தார் வருகிறார் என்று தகவல் வந்தது.

வருவதற்கு முதல் நாள் காலையில் காரியஸ்தர் வந்தார். கும்பகோணம் பூச்சந்தையில் வாங்கிய இரண்டு மூட்டை அரளிப்பூவைக் கொண்டுவந்து இறக்கினார். செத்த குச்சிகளில் பூவைக் கட்டவேண்டும். அதோடு குடிசையைப் பிரிக்கவேண்டும். நந்தவனத்தில் குடியிருப்பு இருக்கக்கூடாது, தாசில்தார் போனபிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றார். மறுபடி போடவிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் கூரைமேல் ஏறினார். அவருடைய அப்பா கட்டிய கூரையைத் தன் கையாலேயே கீற்று கீற்றாகப் பிரித்துக் கீழே போட்டார். தட்டிகளை முந்திரி மேட்டில் அடுக்கினார். கூரைக்கால்களைப் பிடுங்கிக் குழிகளை மூடினார். மெழுகிய தரைமேல் மணலைப் பரப்பினார். அடுப்புக்கல்லை எடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்து செத்த குச்சிகளில் நூலால் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. அரளியை மட்டும் தொடவேண்டாம், பூத்திருப்பது அது ஒன்றுதான் என்று காரியஸ்தரே சொல்லிவிட்டார்.

மறுநாள் பத்தரை மணிக்கு ஜீப் மணலில் சிக்கியது. தாசில்தார் இறங்கி நடந்தே வந்தார். வழுக்கைத் தலை, சிவந்த முகம், கையில் கைக்குட்டை. கூட நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் ஆள் ஒருவர். காரியஸ்தர் மாலையோடு எதிர்கொண்டு நந்தவனத்தைக் காட்டினார். சந்தை மூட்டையில் செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சளரளி எல்லாம் கலந்திருந்தன. பொறுக்கிக் கட்ட எனக்கு மனசில்லை. ஒரே குச்சியில் மூன்று நிறமும் பூத்திருந்தது. நான்காவது வரிசையில் ஒரு குச்சி சாமந்தி பூத்திருந்தது. தாசில்தார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒட்டு ரகம் என்றார் காரியஸ்தர். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று எழும்பியது. வாடிய பூக்கள் நூலறுந்து பறந்து தாசில்தார் சட்டையில் ஒட்டின. கொஞ்சம் உதிரும் ரகம் என்றும் சொன்னார் காரியஸ்தர்.

தாசில்தார் சிரிக்கவில்லை. சட்டையில் ஒட்டியதை எடுத்துப் போட்டுவிட்டு, தூரத்தில் தனியாகச் சிவந்து நின்ற என் அரளியைப் பார்த்து நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். சுற்றிலும் வெறும் மணல், நடுவில் அந்த ஒரு செடி, அதன் தண்டில் கயிறு பதிந்த வளையம். குனிந்து தூரைக் கிளறினார். மீன் செதிலும் சாம்பலும் வந்தன. இது மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது, யாருடைய செடி என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயாவோடது சார்" என்றார் அவர்.

குடிசை போனது போகட்டும். நான் சுமந்துவந்த கம்பு, நான் ஊற்றிய தண்ணீர்.

"அது என்னோடது சார்" என்றேன். "என் வாசல்ல நான் வச்சது."

"வாசல் எங்கம்மா இருக்கு?"

"நீங்க நிக்கிறதுதான் சார் வாசல். உள்ள வாங்க."

காரியஸ்தர் சத்தமாகச் சிரித்தார். பிள்ளைத்தாச்சி, வெயில் ஏறிவிட்டது, கோயில் ஆட்கள் வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது என்று அடுக்கினார். நான் காதில் வாங்காமல் நடந்து காட்டினேன். இது நடை. இந்தப் பக்கம் தண்ணிப்பானை. இங்கே கயிற்றுக் கட்டில். அதோ மூலையில் அடுப்பு, அந்தச் சூட்டில் கீற்று இற்றுப்போய் அங்கே மட்டும் ஒழுகும். பைத்தியக்காரி வெறும் மணலில் வீடு காட்டுகிறாள் என்று சங்கிலிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். தாசில்தார் என் பின்னாலேயே வந்து அடுப்பு மூலையில் நின்றார். நம்பினாரா, பாவம் என்று வந்தாரா, தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. தாகமாக இருக்கிறது, ஒரு இளநீர் கிடைக்குமா என்றார்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் இளநீர் சீவி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அரளியைத் தாண்டினார். தாண்டிய இடத்தில், தலைக்குமேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், தலையைக் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா அங்க குனிஞ்ச?" என்று கேட்டார் தாசில்தார்.

"கூரை இடிக்கும் சார்" என்றார் இவர்.

சொன்னபிறகுதான் அண்ணாந்து பார்த்தார். இல்லாத கூரையைத் தேடுகிறவரைப் போல அவர் பார்த்ததைக் கண்டு எனக்கு வந்த அழுகையை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை. பொய் சொல்கிறேன் என்று தலையாட்டிய மனுஷன் அவர். தலைக்கு அது தெரியவில்லை.

தாசில்தார் இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். காரியஸ்தர் அப்போது அரளிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கொஞ்சம் இப்படி வாங்க என்று தாசில்தார் அவரைக் கூப்பிட்டார். நேராக வந்தால் ஏழெட்டு அடிதான். காரியஸ்தர் வேகமாகப் புறப்பட்டார், அரளியிடம் வந்தார், வலதுபக்கம் திரும்பினார், மூன்றடி ஒதுங்கி, வளைந்து, இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்று, சொல்லுங்க சார் என்றார்.

மணலில் அவர் செருப்புத் தடம் அரைவட்டமாக, அச்சு வைத்ததுபோலக் கிடந்தது. நான் அத்தனை வருஷம் திட்டித் தீர்த்த மணல்.

"நேரா வர்றதுக்கு என்னங்க தடை?" என்று கேட்டார் தாசில்தார்.

காரியஸ்தர் தன் தடத்தைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது, ரகம் எதுவும் வரவில்லை. தாசில்தார் அவரிடம், அந்தப் பக்கமாகவும் ஒரு சுற்று முடித்துவிட்டு வாசலுக்குப் போங்கள் என்றார். அவர் போனார். வட்டம் முழுமையானது. பிறகு தாசில்தார் தன் காலைப் பார்த்தார். அடுப்படியில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். நடந்துபோய் அரளியடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். வருவதற்குள் சுடுமணலில் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்தார். அந்தக் குதிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன், என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

தடத்தை ஒட்டிச் சங்கிலி பிடிக்கச் சொன்னார். அளந்து எழுதினார்கள். பட்டா வருவதற்குள் என் மகன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அதை மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒரு மந்திரி கையால் கொடுத்தார்கள். நான்கெல்லையில் மேற்கே அரளிச்செடி என்று எழுதியிருந்தது. குடிசை இருந்ததைவிட மனை பெரியதாக இருந்தது. ஏன் என்று வீட்டுக்கு வந்து கயிறு பிடித்துப் பார்த்தபோது புரிந்தது. சுற்றிலும் மூன்றடி கூடுதல். காரியஸ்தர் எங்களைத் தொடாமல் இருக்க ஒதுங்கி நடந்த தூரம் அது.

அந்த மூன்றடியில்தான் சுற்றிலும் அரளி வைத்தேன். ஒரு குழிக்கு ஒரு குச்சி, தண்ணீர் தேங்காமல். இப்போது என் மகன் வெட்டிவிட்டு மதில் கட்டலாம் என்பது அந்த வரிசையைத்தான். வெட்டிக்கொள்ளட்டும். வெட்டினால் அது இன்னும் நன்றாகப் பூக்கும். ஆனால் வேரைத் தோண்டினால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை இது என் வீடு என்று சொல்லவில்லை. கல்வீடு கட்டி, நிலைவாசலை ஏழடிக்கு வைத்தோம். அதிலும் குனிந்துதான் நுழைந்தார். ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த ஒரு பெண், வீடு சொந்தமா, யாருடையது என்று கேட்டது. நான் உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வழக்கம்போல ஐயா என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். வாசலைப் பார்த்தார்.

"இந்தா, இந்தச் செடிக்காரியோடது" என்றார்.

அன்றைக்கு அவருக்கு மீன்குழம்பு வைத்தேன். செதிலை வழக்கம்போல அரளித் தூரில் புதைத்தேன்.